தஞ்சையைச் சுற்றிய ஊராட்சிகளின் குப்பை: ஆற்றில் தண்ணீர் வருமுன் என்ன செய்யப் போகிறோம்?

புதாற்றங்கரை

தஞ்சாவூர் மாநகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் நகர் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு நடவு வயல். இன்று மனை, வீடு, மாடியில் வாடகைக் குடித்தனம், தெருமுனையில் பிரியாணிக் கடை. குடித்தனங்கள் நகரத்துக் கணக்கில் கூடிவிட்டன. குப்பை அள்ளும் ஆளும் வண்டியும் கிராமத்துக் கணக்கிலேயே நிற்கின்றன. வண்டி வராத நாளில் குப்பைப் பை, புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாய்க் கரைக்கோ பாசன வாய்க்காலுக்கோ போகிறது. யார் எல்லை என்று தெரியாத இடத்தில் கொட்டினால் கேட்க ஆள் இல்லை என்பது கொட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மே 1 கிராம சபை வருகிறது. அதற்குள் இந்த இணைய மன்றத்தில் அவரவர் புனைபெயரில் பேசி, ஒரு தீர்மானமாக எழுதிக் கொண்டுபோக வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் நலச் சங்கத்தில் பலர் "கிடங்குக்கு இடம் ஒதுக்கச் சொல்லி மனு கொடுப்போம்" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் (2026 ஏப்ரலில் புதிய விதிகள் வந்துவிட்டன) என்ன சொல்லின என்று பாருங்கள். நிலத்தில் குப்பை நிரப்பும் இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு இவற்றிலிருந்து 200 மீட்டர். விமான நிலையம் அல்லது விமானப்படைத் தளத்திலிருந்து 20 கிலோமீட்டர். சிறப்பு நேர்வாகத் தடையில்லாச் சான்று வாங்கினாலும் 10 கிலோமீட்டருக்குள் கூடாது. குப்பை மேட்டுக்குப் பருந்தும் காக்கையும் வரும், பறவை மோதினால் விமானத்துக்கு ஆபத்து என்பதுதான் காரணம். நம் புதுக்கோட்டை சாலைப் பக்கத்துத் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய் படைப்பிரிவே வந்துவிட்டது. தளத்தை நடுவில் வைத்து வட்டம் போட்டால் நகரை ஒட்டிய ஊராட்சிகள் எல்லாம் உள்ளே விழும். வட்டத்துக்கு வெளியே போனால் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, ஊருக்கு நாலு குளம். மீதி இடம் எங்கே? புறம்போக்கு என்று காட்டப்படுவதில் பாதி பழைய குட்டைதான்.

ஆக, இங்கே குப்பையைக் கொண்டுபோய் வைக்க இடம் கிடையாது. கொண்டுபோக வேண்டிய குப்பையைக் குறைப்பது ஒன்றுதான் வழி. அந்தத் திட்டத்தையும் ஆற்றுத் தண்ணீரை வைத்துத்தான் போட வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, ஆடிப் பதினெட்டு, ஐப்பசி கார்த்திகை மழை, தையில் அறுவடை, ஜனவரி 28 மேட்டூர் அடைப்பு. மற்ற ஊரில் குப்பை விழுந்த இடத்திலேயே கிடக்கும். இங்கே ஜூனில் கிளம்பிவிடும்.

உங்கள் ஊர் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வடவாறு

நல்ல தொடக்கம் சார். ஆனால் வீடு வீடாகப் பிரித்து வாங்குவது, உரம் போடுவது எல்லாம் இருபது வருடமாகக் கேட்கிறோம். மக்கள் பிரிப்பதில்லை. நாலைந்து ஊராட்சி சேர்ந்து, மாநகராட்சியையும் கூட்டிக்கொண்டு, எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்று கேட்கலாமே? பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் எரிந்துவிடும். ஒரே செலவு.

இல்லாவிட்டால் இந்த ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்த்துவிடட்டும். அவர்களிடம் வண்டி இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள்.

கடைமடை

புதாற்றங்கரை ஐயா சொன்ன ஜூன் கணக்கு எங்களுக்குத்தான் நல்லாப் புரியும். நான் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்க இருக்கேன்.

தஞ்சாவூர்ல புது ஆத்துல போட்டது ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு போகும். வெண்ணாத்துல போட்டது எங்க பக்கம். நீடாமங்கலத்துக்கிட்ட மூணாறு தலைப்புல வெண்ணாறு பிரிஞ்சு கோரையாறு, பாமணியாறு ஆகுது. கோரையாறு போய் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுல சேருது. அங்க வேர்ல சிக்கி நிக்கிற பையில ஜவுளிக்கடைப் பேரு, ஓட்டல் பேரு எல்லாம் படிக்கலாம். எங்க ஊர்ல அந்தக் கடை கிடையாது.

தண்ணி வரும்போது முதல்ல வர்றது நுரையும் குப்பையும்தான். ஷட்டர்ல வெங்காயத்தாமரை வந்து அடையும். அது மட்டும்னா ஆள் இறங்கி இழுத்துப் போட்டுடலாம். அதுக்குள்ள பை, சாக்கு, தெர்மாகோல், தூக்கிப் போட்ட மெத்தை எல்லாம் பின்னிக்கிட்டா கொக்கி போட்டாலும் வராது. கழுத்து மட்டுக்கும் தண்ணியில நின்னு அறுக்கணும்.

நகரத்துல இருக்கவங்க நினைக்கிறது, குறுவைக்குத் தண்ணி வராம அடைக்குதுன்னு. அது பாதிதான். ஐப்பசி கார்த்திகையில வடிகால் அடைக்கிறது அதைவிடக் கொடுமை. நட்ட சம்பா தலை முழுகி நிக்கும்போது வடிகால்ல ஒரு சாண் வேகமா இறங்கினாலும் பயிர் பொழைக்கும். அந்த ஒரு சாணைத் தடுக்கிறது குழாய் வாயில உருண்டு நிக்கிற பிளாஸ்டிக். அழுகின பயிருக்குக் காரணம் மழைன்னு எழுதிடுவாங்க. மேல இருந்து வந்த பையை எந்தக் கணக்குலயும் சேர்க்க மாட்டாங்க.

இன்னொண்ணு, பாட்டில். கரையில உக்காந்து குடிச்சிட்டு வாய்க்கால்ல உடைச்சுப் போடுறாங்க. நடவுக்கு இறங்குற பொம்பளைங்க கால் கிழியுது. நீலகிரியில 2022லேருந்து பாட்டிலுக்குப் பத்து ரூபா கூட வாங்கிட்டு, காலி பாட்டில் கொடுத்தா திருப்பித் தர்றாங்க. வயலுக்கு நடுவுல இருக்கிற கடைகள்ல அதை ஒழுங்கா நடத்தணும்னு தீர்மானத்துல எழுதுங்க.

பச்சை வண்டி

நான் ஒரு ஊராட்சியில குப்பை வண்டி ஓட்டுறேன். எந்த ஊராட்சின்னு சொல்லலை. எங்க மகளிர் குழுவுல இருந்து இந்த வேலைக்கு வந்தோம்.

வடவாறு சார், மக்கள் பிரிக்க மாட்டாங்கன்னு நீங்க சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். பிரிச்சுக் கொடுத்த வீடுங்களை நான் பார்த்திருக்கேன். ஏன் நிறுத்தினாங்கன்னும் எனக்குத் தெரியும். ரெண்டு டப்பாவுல வாங்குறோம். சாயங்காலம் டிராக்டர் வந்து ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக்கிட்டுப் போகுது. அதைத் தெருவே நின்னு பார்க்குது. மறுநாள் எந்த அம்மா பிரிச்சுக் கொடுப்பாங்க? பிரிச்சது பிரிச்ச மாதிரியே கடைசி வரைக்கும் போகணும். அது நடந்துச்சுன்னா ஜனங்க தானாப் பிரிப்பாங்க.

அடுத்தது நேரம். நாங்க வர்றது காலையில. புது நகர்கள்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. எட்டு மணிக்கு வீடு பூட்டியிருக்கும். பையைக் கேட்டுல மாட்டிட்டுப் போவாங்க, நாய் இழுத்துடும். வாடகை வீடு அதிகமா இருக்கிற தெருவுக்குச் சாயங்காலம் ஒரு நடை வேணும். அதுக்கு ஆள் வேணும். வண்டி வாங்கிக் கொடுத்துட்டு ஆள் போடலைன்னா வண்டி ஷெட்டுலதான் நிக்கும்.

அப்புறம் டயாப்பர், நாப்கின். இதை யாரும் பேச மாட்டேங்கிறாங்க. ஈரக் குப்பையோட சேர்த்துப் போடுறாங்க, நாங்க கையால எடுக்கிறோம். செய்தித்தாள்ல சுத்தி, மேல சிவப்பு மையில ஒரு புள்ளி வச்சுத் தனியாக் கொடுத்தா போதும். இதைச் செய்யறதுக்குக் காசு ஒண்ணும் ஆகாது.

தவசுப்பிள்ளை

அக்கா சொன்னதில் எங்கள் தொழிலும் இருக்கிறது. திருவையாறு, பாபநாசம், தஞ்சை வட்டாரத்தில் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். நகருக்கு வெளியே இடம் மலிவு, வண்டி நிறுத்த வசதி என்று பெரிய மண்டபங்கள் எல்லாம் ஊராட்சி எல்லையில்தான் கட்டுகிறார்கள். ஒரு முகூர்த்தத்துக்கு ஆயிரம் இலை விழுகிறது. ஒரு தெருவின் பல நாள் குப்பை ஒரே வேளையில் வந்து குவிகிறது. அந்த ஊராட்சி வண்டியால் அதைத் தாங்க முடியாது.

இலை ஒரு பிரச்சினையே இல்லை. மாட்டுக்குப் போகும், மக்கியும் போகும். கெடுப்பது இலைக்கு மேலும் கீழும் வருகிற சமாச்சாரம். மேசைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் சுருள், பிளாஸ்டிக் பூசிய கப், ஐஸ்கிரீம் டப்பா, சின்ன தண்ணீர் பாட்டில். மேசை விரிப்பும் பூச்சுக் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருளில் அடக்கம். ஆனாலும் "மேசை பளிச்சென்று இருக்க வேண்டும்" என்று வீட்டார் கேட்கிறார்கள். பாட்டிலில் பாதி குடித்து அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். எடுப்பு ஆள் எல்லாவற்றையும் இலையோடு சுருட்டி ஒரே கூடையில் போடுகிறான். அந்த நிமிடத்தில் நல்ல உரம் கெட்டுப்போகிறது.

எவர்சில்வர் டம்ளரும் தண்ணீர் கேனும் வைத்தால் கழுவ ரெண்டு மூன்று ஆள் கூடுதலாக வேண்டும். அந்தக் கூலி பாட்டில் விலைக்குள் அடங்கிவிடும், நான் கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன். மண்டபத்துக்காரர் ஒருவர் மட்டும் கட்டாயமாக்கினால் வாடகை போய்விடும் என்று பயப்படுகிறார். எல்லா மண்டபத்துக்கும் ஒரே நாளில் உத்தரவு வந்தால் எங்களுக்கும் பேச வசதி. மண்டபம் அல்லாத இடத்துக்கும் 2016 விதிகளில் வழி இருந்தது: உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலைநாள் முன்னதாகவே உள்ளாட்சிக்குச் சொல்லி, குப்பையைப் பிரித்துத் தர வேண்டும். வீட்டு வாசலில் பந்தல் போட்டுச் செய்யும் காதுகுத்து, வளைகாப்புக்கும் பொருந்தும். முன்கூட்டியே சொன்னால் இலையை எடுக்க வண்டி ஒன்றைத் தனியாக ஒதுக்கலாம் இல்லையா?

வடவாறு

பச்சை வண்டி சொன்ன டிராக்டர் விஷயம் நியாயம். ஏற்கிறேன். எரிக்கும் ஆலை பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே?

புதாற்றங்கரை

சொல்கிறேன் சார். நம் குப்பையில் ஏறக்குறைய பாதி ஈரமானது. இலை, சோறு, காய்கறித் தோல், இளநீர் மட்டை. அது எரிய வேண்டுமானால் முதலில் அதிலுள்ள தண்ணீரை விரட்ட வேண்டும், அதற்கே வெப்பம் செலவாகிவிடும். 2016 விதிகள் எரிபொருளாகக் கருதியது, மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1500 கிலோகலோரியும் அதற்கு மேலும் வெப்பம் தரும் குப்பையைத்தான். அந்த அளவு வர வேண்டும் என்றால் ஈரக் குப்பையைத் தனியே எடுத்தாக வேண்டும். அதாவது ஆலை வந்தாலும் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரித்துவிட்டால் மிஞ்சுவது பிஸ்கட் கவர், சிப்ஸ் கவர், கிழிந்த பை மாதிரியானவை. அவற்றுக்குப் புது ஆலை வேண்டாம். கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர், டால்மியாபுரம் சிமென்ட் சூளைகள் இருக்கின்றன. உலர்த்தி, கட்டுக் கட்டினால் எரிபொருளாக எடுத்துக்கொள்வார்கள்.

மாநகராட்சியோடு சேர்ப்பது பற்றி: நூறு நாள் வேலை போகும், வரி கூடும் என்று விவசாயக் கூலிக் குடும்பங்கள் எதிர்க்கின்றன. அவர்கள் பயம் நியாயமானது. குப்பைக்காக அந்தச் சண்டைக்குப் போக வேண்டாம். எல்லையை மாற்றாமலேயே, எல்லையோரத் தெருக்களுக்கு மட்டும் மாநகராட்சியும் ஊராட்சியும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஒரே வண்டியை ஓடவிடலாம்.

அரசலாற்றங்கரை

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். 2021இல் மாநகராட்சி ஆனபோது தாராசுரமும் எங்களோடு சேர்ந்தது. எல்லை விரிந்ததும் குப்பை தானாகக் குறைந்துவிடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வடவாறு அவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: எங்கள் கரிக்குளம், உங்கள் ஜெபமாலைபுரம், திருச்சி அரியமங்கலம், மூன்று இடத்திலும் பல வருடம் கலந்து கொட்டியதைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க வேண்டிவந்தது. வீட்டில் பிரிக்க ஒரு நிமிடம் ஆகிற வேலை, கொட்டிய பிறகு கோடிக்கணக்கான ரூபாய் வேலையாகிறது.

கேரளத்து ஆலப்புழையைப் பாருங்கள். அதுவும் வாய்க்கால் நகரம்தான், மேட்டு நிலம் கிடையாது. கிடங்கு இருந்த சர்வோதயபுரம் மக்கள் வண்டிகளை மறித்தார்கள். 2012 முதல் வீட்டுக்கு வீடு குழாய் உரம், தெருவுக்குப் பொது உரத்தொட்டி என்று நகரம் மாறியது. மாற்று இடம் இல்லாததால்தான் மாறியது.

எங்களுக்கு 2028 மகாமகம் வருகிறது. 2016இல் வந்த கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தயாரிப்பைக் கடைசி மாதத்தில் தொடங்க முடியாது. நீங்கள் மண்டபங்களில் ஒழுங்கைக் கொண்டுவந்தால் எங்கள் அன்னதானப் பந்தல்களுக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

குறுவைக்காரர்

எல்லாரும் உரம் உரம் என்கிறீர்கள். அதை வாங்கப் போகிறவன் நான். என்னைக் கேட்டீர்களா?

ஒரு ஊராட்சியின் உரத்தை வாங்கி ஒரு மா நிலத்தில் போட்டேன். உழும்போது பேனா மூடி, ஷாம்பு கவர், கண்ணாடிச் சில்லு. கண்ணாடி விழுந்த வயலில் அப்புறம் யார் இறங்கி நடுவார்கள்? சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நகரக் கழிவு உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் தரம் இருக்கிறது. பத்தில் ஒன்பது பங்காவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். கிலோவில் ஈயம் 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, காட்மியம் 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. குப்பையில் ஒரு பழைய பேட்டரி உடைந்து கலந்தாலே அந்தக் கணக்கு கெட்டுவிடும். ஆகவே உர ஷெட்டுக்கு முதல் தேவை நல்ல சல்லடை. இரண்டாவது, வருடத்துக்கு ஒரு முறையாவது ஆய்வுக்கூடச் சோதனை. அறிக்கையை ஷெட் வாசலில் ஒட்டுங்கள், நான் காசு கொடுத்தே வாங்குகிறேன். எங்கள் மண்ணில் கரிச்சத்து (கார்பன்) எவ்வளவு குறைந்துபோயிருக்கிறது என்பது மண் பரிசோதனை அட்டை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

செய்முறையில் ஒரு யோசனை. சமையல் கழிவை மட்டும் குவித்தால் நாறும், புழு வைக்கும், அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள், ஷெட்டை மூடிவிடுவார்கள். அதில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) தண்ணீரும் அதிகம். வைக்கோல், பதர், காய்ந்த வாழைச் சருகு இவற்றில் கரிச்சத்து அதிகம். கரிச்சத்து 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்று வருகிற மாதிரி மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் விதையும் புழுவும் சாகும். வாரம் ஒரு முறை புரட்டிவிட்டால் நாற்றம் இல்லை. டெல்டாவில் வைக்கோலுக்கா பஞ்சம்? அறுவடை மெஷின் போன பிறகு மழையில் நனைந்த வைக்கோலைக் கட்டுபவர் எடுக்க மாட்டார், மாடும் தின்னாது. வயலிலேயே கொளுத்துகிறார்கள். அதை ஊராட்சி எடுத்துக்கொள்ளட்டும். தை, மாசியில் சேர்த்துக் கூரைக்குள் வைத்தால் வருடம் முழுக்கப் போதும். ஆனால் கூரை கட்டாயம். ஐப்பசி மழையில் திறந்த தொட்டி உரம் கஞ்சியாகி வாய்க்காலுக்கே ஓடிவிடும். தரையையும் வாய்க்கால் மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள்.

பச்சை வண்டி

அண்ணே, சல்லடை ஒண்ணு வாங்கிக் கொடுத்தா நாங்களே சலிச்சுத் தர்றோம். இப்ப கொசுவலையை மடிச்சுப் போட்டுச் சலிக்கிறோம். ஷெட்டுல தண்ணிக் குழாயும் கழிப்பறையும் வேணும்னும் எழுதுங்க. நாள் பூரா வேலை பார்க்கிறவங்க பெரும்பாலும் பொம்பளைங்க.

வடவாறு

எல்லாம் சரி. பணம்?

புதாற்றங்கரை

தூய்மை பாரத இயக்கம், ஊரகம், 2020இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் திடக்கழிவுப் பணிக்கென்று வழி வைத்தார்கள். 5,000 பேர் வரை உள்ள ஊருக்கு ஆளுக்கு 60 ரூபாய் வரை, அதற்கு மேற்பட்டால் 45 ரூபாய் வரை. 12,000 பேர் உள்ள ஊராட்சி என்றால் 5 லட்சத்து 40 ஆயிரம். ஷெட்டும் சல்லடையும் தொட்டிகளும் அதில் முடியும். பிளாஸ்டிக்கை அமுக்கிக் கட்டும் இயந்திரத்துக்கு ஒன்றியத்துக்கு ஒரு நிலையம் என்று தனியாக 16 லட்சம் வரை வைத்தார்கள். இவை கட்டுவதற்குத்தான். மாதாமாதம் ஆள் கூலிக்கு ஆகாது.

அதற்கு வீட்டுக் கட்டணம்தான் வழி என்று நினைக்கிறேன். கேரள ஊராட்சிகளில் வீடு வீடாகக் குப்பை வாங்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களுக்கு வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் கொடுக்கிறார்கள். எங்கள் நகரில் கேபிளுக்கும் தண்ணீர் கேனுக்கும் அதைவிட அதிகம் செலவழிக்கிறோம். மண்டபங்களும் ஓட்டல்களும் எடைக்கு ஏற்பக் கட்ட வேண்டும். கூலிக் குடும்பங்களுக்கும் தனியாக இருக்கும் முதியோருக்கும் கட்டணம் வேண்டாம். வசூலானதும் செலவானதும் மாதாமாதம் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதப்பட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

கடைமடை

தூர் வார்றதைப் பத்தி யாரும் சொல்லலை. சித்திரை, வைகாசியில மெஷின் இறங்கும். ஏ, பின்னு சொல்ற பெரிய வாய்க்கால் நீர்வளத் துறை, சி, டின்னு சொல்ற சின்ன வாய்க்கால் வேளாண் பொறியியல் துறைன்னு ஆளுக்கு ஒண்ணாப் பார்ப்பாங்க. எல்லாருமே மண்ணையும் பிளாஸ்டிக்கையும் ஒண்ணா அள்ளிக் கரை மேல போட்டுட்டுப் போயிடுறாங்க. முதல் மழையில மண்ணு கரைஞ்சு பை திரும்ப உள்ள விழுது. காசு செலவு பண்ணித் தூர் வாரி அடுத்த வருசமும் அதே பையை வார்றோம். மெஷின் இறங்குறதுக்கு முன்னாடி, காய்ஞ்சு கிடக்கும்போது ஆளுங்களை விட்டுப் பொறுக்கிடணும். காய்ஞ்ச பையைப் பொறுக்குறது சுலபம், சேறு பட்டா ஆகாது. வருசத்துல அந்த நாலஞ்சு வாரம்தான் கிடைக்கும்.

புதாற்றங்கரை

ஐயா, இதைத்தான் தீர்மானத்தின் முதல் வரியாக வைக்கிறேன். இதுவரை பேசியதைச் சேர்த்து எழுதியிருக்கிறேன், பார்த்துத் திருத்துங்கள்:

"தூர்வாரும் தேதியை இரண்டு துறைகளும் பதினைந்து நாள் முன்னதாக ஊராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், தூர்வாருமுன் வாய்க்காலிலும் கரையிலும் உள்ள பிளாஸ்டிக், கண்ணாடியைப் பொறுக்கி அகற்ற வேண்டும். ஜூன் 12க்குள் எல்லையோரத் தெருக்களுக்கு வண்டி ஒப்பந்தம் போட வேண்டும். பிரித்து வாங்கிய குப்பை பிரித்தபடியே செல்ல, வண்டிக்கும் டிராக்டருக்கும் தடுப்பு வைக்க வேண்டும். மண்டபங்களில் மேசை விரிப்பும் சிறு பாட்டிலும் கூடாது. இலைக்குத் தனி வண்டி. உயர்த்திய தரையும் கூரையும் உள்ள உர ஷெட், 4 மில்லிமீட்டர் சல்லடை, குழாய், கழிப்பறை, ஆண்டுச் சோதனை. வயல்வெளிக் கடைகளில் பாட்டில் திரும்பப் பெறுதல். ஆடிப்பெருக்குப் படித்துறைகளில் துணிக்கும் மாலைக்கும் தனித் தொட்டி."

தவசுப்பிள்ளை

ஐஸ்கிரீம் டப்பாவை விட்டுவிட்டீர்கள். அதையும் சேருங்கள். ஆவணியில் முகூர்த்தம் குவிகிறது, மண்டபத்துக்காரர்கள் இப்போதே முன்பணம் வாங்குகிறார்கள். உத்தரவு மே மாதமே வந்தால்தான் ரசீதில் அச்சடிக்க முடியும்.

குறுவைக்காரர்

நனைந்த வைக்கோல் எடுப்பதையும் ஒரு வரி எழுதுங்கள். இடம் சொல்லுங்கள், இந்த வருடம் என் வயலில் மிச்சமிருப்பதை டிராக்டரில் கொண்டுவந்து போடுகிறேன்.

பச்சை வண்டி

சாயங்கால நடையும் டயாப்பருக்குத் தனிப் பையும் தீர்மானத்துல இல்லை சார். சேருங்க. மே 1 காலையில எங்களுக்கு வண்டி வேலை இருக்கும், கிராம சபைக்கு வர முடியாது. அன்னிக்கு ஒரு நாள் வண்டியைப் பதினொரு மணிக்கு மேல எடுக்க அனுமதி வாங்கிக் கொடுங்க. நாங்க பத்துப் பேரும் வந்து உக்காந்து பேசுறோம்.

புதாற்றங்கரை

மூன்றையும் சேர்த்துவிட்டேன். ஐஸ்கிரீம் டப்பாவும் இருக்கிறது. வண்டி நேரத்தை மாற்றுவது பற்றி நாளைக் காலை ஊராட்சிச் செயலரைப் பார்த்துப் பேசிவிட்டு இங்கே எழுதுகிறேன்.